பசுமைப் படைப் பொறுப்பா? ஜூனில் தராசு, அக்டோபரில் மண்வெட்டி

ஜூனில் பள்ளி திறந்ததும் ஆசிரியர் கூட்டத்தில் பொறுப்புகளைப் பிரிப்பார்கள். நூலகம் ஒருவருக்கு, சாரணர் இயக்கம் ஒருவருக்கு, கலை நிகழ்ச்சி ஒருவருக்கு என்று போய்க் கடைசியில் மிஞ்சுவது பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படை. அது பெரும்பாலும் புதிதாக வந்த ஆசிரியரின் தலையில்தான் விழும். அப்படி விழுந்தவர்களுக்கும், அந்த மன்றத்தில் பெயர் கொடுத்த மாணவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

தேசிய பசுமைப் படையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001-ல் தொடங்கியது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1991-ல், சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. ஆக, பாடம் புத்தகத்தில் இருக்கிறது. ஓசோன் படலம், பசுமை இல்ல வாயு எல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். தங்கள் பள்ளியில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ சோறு வீணாகிறது என்று கேட்டால்தான் பதில் வராது. மன்றத்தின் வேலை அந்த இடத்தில் தொடங்குகிறது. ஓவியப் போட்டியும் வாசகப் போட்டியும் நடத்தினால் புகைப்படம் கிடைக்கும், அறிக்கை அனுப்பலாம். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்ததும் மரக்கன்று நட வேண்டும் என்ற அவசரமும் வரும். 1972-ல் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய நாள் அது. நம்மூர் மழையைப் பார்த்துக் குறித்த நாள் அல்ல. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அப்போது வெயில் கொளுத்தும், நிலம் காய்ந்து கிடக்கும். விருந்தினர் வந்து நட்டுவிட்டுப் போன கன்று ஜூலைக்குள் குச்சியாகிவிடும். அடுத்த ஆண்டு அதே குழியில் இன்னொரு கன்று. கன்னியாகுமரி, நீலகிரி, தென்காசியின் மேற்கு ஓரம் போன்ற தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஊர் உங்களுடையது என்றால் ஜூன் சரி. மற்றவர்கள் மண்வெட்டியை அக்டோபருக்கு எடுத்து வைத்துவிட்டு, ஜூனில் குப்பையை எடை போடத் தராசைக் கையில் எடுங்கள்.

முதலில் பேச வேண்டியவர்கள்

தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதோடு சத்துணவு அமைப்பாளர், சமையலர், பள்ளியின் தூய்மைப் பணியாளர், ஊராட்சி என்றால் குப்பை எடுக்க வரும் தூய்மைக் காவலர் ஆகியோரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் கிழமை சோறு அதிகம் மிஞ்சுகிறது, எந்த வகுப்பிலிருந்து தின்பண்ட உறைகள் அதிகம் வருகின்றன, எந்தக் குழாய் நிற்காமல் சொட்டுகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர்களைக் கேட்காமல் நீங்கள் போடும் திட்டம் அவர்களுடைய வேலையைத்தான் கூட்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். குப்பை பொறுக்குவது எந்தக் காரணத்துக்காகவும் தண்டனையாகக் கூடாது. தாமதமாக வந்தவன், வீட்டுப்பாடம் முடிக்காதவள் என்று பார்த்துக் குப்பைக் கூடையைக் கொடுத்தால், அந்த வேலை இழிவானது என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள். யார் அந்த வேலைக்கு முன்னால் தள்ளப்படுகிறார்கள் என்பதையும் கூர்ந்து பாருங்கள். நம் ஊரில் துடைப்பம் யார் கைக்குப் போகும் என்பதற்குப் பின்னால் சாதி நிற்கிறது, அது பள்ளி வாசலோடு நின்றுவிடுவதில்லை. அதனால் பெயர்ப்பட்டியல் போட்டு, அகர வரிசையில், ஆண் பெண் வேறுபாடு இல்லாமல் சுழற்சி முறை வையுங்கள். பட்டியலில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். கழிப்பறை சுத்தம் செய்வது மாணவர்களின் வேலையே அல்ல. அதை எந்தப் பசுமைத் திட்டத்திலும் சேர்க்காதீர்கள்.

குப்பையை எண்ணும் நாள்

ஜூன் கடைசியில் சாதாரணமான ஒரு வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள். விழா நாளும் வேண்டாம், தேர்வு நாளும் வேண்டாம். அன்றைய குப்பை முழுவதும், வகுப்பறை, வளாகம், சமையற்கூடம் மூன்றிலிருந்தும், ஓரிடத்துக்கு வர வேண்டும். கழிப்பறைக் கூடைகளை மட்டும் விட்டுவிடுங்கள். நாப்கின், ஊசி, உடைந்த கண்ணாடி ஆகியவற்றில் மாணவர் கை படக் கூடாது. பிரிப்பவர்களுக்குக் கையுறை கட்டாயம். ஒரு பெரியவர் குச்சியால் கிளறிப் பார்த்த பிறகே பிள்ளைகள் தொடலாம்.

தரையில் விரிக்கப் பழைய ஃபிளெக்ஸ் பேனர் போதும், அதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. எடை போட மீன்காரர் வைத்திருப்பது போன்ற தொங்கு தராசு வேண்டும். சோறும் காய்கறிக் கழிவும், சருகு, தாள், உறைகள், பாட்டில், பேனா, மற்றவை என்று பிரித்து எடை போட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எடையோடு எண்ணிக்கையும் வேண்டும். நூறு தின்பண்ட உறைகளைச் சேர்த்தாலும் தராசு முள் அவ்வளவாக நகராது. எடையை மட்டும் பார்த்தால் உறைகள் ஒரு பிரச்சினையே இல்லை என்று தோன்றிவிடும்.

அந்த உறை ஒன்றைக் கையில் எடுத்து அங்கேயே பாடம் நடத்தலாம். உள்பக்கம் வெள்ளிபோல மின்னும். கசக்கி உள்ளங்கையில் வைத்துக் கையை விரித்தால் மெல்ல மெல்லப் பிரிந்து விரிந்துகொள்ளும். தாளாக இருந்தால் கசங்கியபடியே கிடக்கும். பிளாஸ்டிக் படலமும் அலுமினியப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பொருள் இது. பிரித்தெடுக்கச் செலவு அதிகம், அதனால் பழைய இரும்புக் கடைக்காரர் வாங்க மாட்டார். பால் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் அட்டைப் பெட்டியையும் வாங்குவார். எது விலை போகிறது, எது போகவில்லை என்று பிள்ளைகளையே கடைக்காரரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். மறுசுழற்சி பற்றிப் புத்தகத்தில் உள்ள பக்கத்தைவிட அந்தப் பத்து நிமிடப் பேச்சில் அதிகம் தெரிந்துகொள்வார்கள்.

டீ குடிக்கும் காகிதக் கோப்பையை ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். மறுநாள் காகிதம் கூழாகிப் போக, உள்ளிருந்து மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை உரித்தெடுக்கலாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பைகளும் ஏன் இருக்கின்றன என்று அதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

கிடைத்த கணக்கைப் பெரிய எழுத்தில் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். குறை சொல்லும் வாசகம் எதுவும் வேண்டாம். "நேற்று நம் பள்ளியில்: மிஞ்சிய சோறு இவ்வளவு கிலோ, உறைகள் இத்தனை" என்று மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை அதே முறையில் எண்ணினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குழாயும் மின்விசிறியும்

இதற்கு அதிக நேரம் தேவையில்லை. சொட்டும் குழாயின் அடியில் பத்து நிமிடம் ஒரு டம்ளரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். 100 மில்லி சேர்ந்தால் ஒரு நாளைக்கு 14.4 லிட்டர், ஏறக்குறைய ஒரு குடம். பழைய மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். மதிய இடைவேளையில் ஆளில்லாத அறைகளில் 20 மின்விசிறிகள் 40 நிமிடம் ஓடினால் சரியாக ஒரு யூனிட் போச்சு. கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். அப்புறம் யார் அணைப்பது என்ற பொறுப்பை வகுப்புத் தலைவருக்குக் கொடுத்தால் போதும்.

சருகைக் கொளுத்தாமல் உரமாக்க

பல பள்ளிகளில் காலையில் வளாகத்தைக் கூட்டி, சருகை மூலையில் குவித்துத் தீ வைக்கும் வழக்கம் இருக்கிறது. இறைவணக்கக் கூட்டம் நடக்கும்போதே புகை வரும். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்தன. சட்டத்தை விடுங்கள், அந்தச் சருகு இல்லாமல் சமையற்கூடக் கழிவை உரமாக்கவே முடியாது. மன்றத்தின் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். பிள்ளைகள் கண்ணெதிரே ஒன்று வேறொன்றாக மாறுவதைக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

இடம்: நிழல் உள்ள, தண்ணீர் தேங்காத மூலை. கிணற்றுக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் பக்கத்தில் வேண்டாம். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரத்தில் இரண்டு தொட்டிகள் கட்டுங்கள். சிமெண்டுப் பூச்சு வேண்டாம், காற்று உள்ளே போக வேண்டும். அளவு இதைவிடச் சிறியதானால் குவியலுக்குள் சூடு தங்காது. ஒன்று நிரம்பும்போது மற்றொன்று பக்குவமாகிக்கொண்டிருக்கும் என்பதற்காகத்தான் இரண்டு.

அடியில் சுள்ளிகளைப் பரப்பி, அதன்மேல் ஓர் அடி சருகு போடுங்கள். அன்றன்று வரும் காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், நொறுக்கிய முட்டை ஓடு ஆகியவற்றைப் பரப்பி, அதைப்போல இரண்டு அல்லது மூன்று மடங்கு சருகால் மூடுங்கள். வாரம் ஒருமுறை சாணத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும். சமைத்த சோறும் சாம்பாரும் கொஞ்சமாகப் போடலாம், ஆனால் நடுவில் போட்டு உடனே மூட வேண்டும். மேலாகக் கிடந்தால் எலியும் நாயும் வந்துவிடும். கம்பி வலை மூடி ஒன்று இருந்தால் நிம்மதி.

ஏன் இவ்வளவு சருகு? நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும். சமையற்கூடக் கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இது வேதியியல், ஆறாம் வகுப்புக்கு "பச்சை ஒரு கூடை, காய்ந்தது மூன்று கூடை" என்றால் போதும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. வழிந்தால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மண்வெட்டியால் புரட்டிப் போட வேண்டும். முதலில் நீளமான கம்பால் தட்டிவிட்டு, பெரியவர்கள்தான் புரட்ட வேண்டும், பாம்பு, தேள் ஒதுங்கும் இடம் அது. நன்றாக வேலை செய்யும் குவியலின் உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். ஓர் இரும்புக் கம்பியைப் பத்து நிமிடம் செருகிவைத்து எடுத்தால் தொடவே சுடும். மழைக்காலக் காலையில் புரட்டும்போது ஆவி பறக்கும். நெருப்பே இல்லாமல் ஆவி எப்படி வருகிறது என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் யோசிக்க விடுங்கள்.

அழுகல் நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்து காற்று போகவில்லை என்று பொருள், சருகு சேர்த்துப் புரட்டுங்கள். எறும்பு மொய்த்தால் காய்ந்திருக்கிறது. கொசு வந்தால் குவியலில் இல்லை, பக்கத்தில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையிலும் உடைந்த வாளியிலும் தேடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் குவியல் பாதிக்கும் கீழே இறங்கி, கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசனை வரும். சலித்தால் உரம். ஜூலையில் தொடங்கினால் அக்டோபர் நடவுக்குக் கையில் இருக்கும்.

இனி நடலாம்

காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன்பே 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி எடுத்து ஆறப் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டு மழை பெய்த பிறகு, மேல்மண்ணோடு உரத்தைக் கலந்து நடுங்கள். கன்றின் வேரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்துவிடுங்கள். சொல்லவே வேண்டாத விஷயம் போலிருக்கும், ஆனால் பையோடு புதைக்கப்பட்ட கன்றுகளை எத்தனையோ வளாகங்களில் தோண்டிப் பார்க்கலாம்.

வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், நெல்லி ஆகியவை பெரும்பாலான ஊர்களுக்குத் தோதானவை. கடலோரம் என்றால் புன்னையும் பூவரசும். சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி, மின்கம்பி இல்லாத இடமாகப் பாருங்கள். குல்மோகர் என்கிற செம்மயிற்கொன்றை பூக்கும்போது அழகுதான், ஆனால் கிளை சுலபமாக முறியும், வகுப்பறைப் பக்கம் வேண்டாம். ஏரிக்கரையோ வாய்க்கால் கரையோ அருகில் இருந்தால் பனங்கொட்டை ஊன்றலாம். பனை நம் மாநில மரம், செலவில்லை, முளைத்தபின் தண்ணீர் ஊற்றும் வேலையும் அநேகமாக இல்லை.

ஐந்து கன்றுக்கு மேல் நடாதீர்கள். ஐம்பது நட்டால் ஐம்பதையும் மே மாதம் யார் பார்ப்பது? கோடை விடுமுறைதான் உண்மையான தேர்வு. பள்ளிக்கு அருகில் வீடு உள்ள ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கன்றை ஒப்படையுங்கள். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கொடுத்தால் அடுத்த ஆண்டு அவர்கள் இருக்க மாட்டார்கள். கன்றுக்குப் பக்கத்தில் அடியில் சிறு துளையிட்ட மண்பானையைப் புதைத்து, துளையில் திரி செருகி வைத்தால், ஒருமுறை நிரப்பிய தண்ணீர் சில நாள் கசிந்துகொண்டிருக்கும். பானையின் வாயை மூடி வையுங்கள். ஆடு கடிக்காமலிருக்கச் சுற்றிலும் முள் கட்டுங்கள்.

மரத்துக்கு இடமே இல்லாத நகரத்துப் பள்ளிகளும் உண்டு. ஒரு தொட்டியில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ வையுங்கள். இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கும். அது சில நாளில் பச்சைப் புழுவாகி இலையைத் தின்றுகொண்டிருக்கும். மருந்து அடிக்காதீர்கள், அது பட்டாம்பூச்சிக் குடும்பம். முட்டையிலிருந்து சிறகு விரிப்பது வரை ஒரு தொட்டியில் பார்த்துவிடலாம்.

மழையை அளப்பது

நேர்ப்பக்கச் சுவருள்ள பாட்டில் ஒன்றின் மேற்பகுதியை அறுத்து, அதையே புனல்போலக் கவிழ்த்துச் செருகினால் மழைமானி தயார். அடிப்பாகம் வளைந்திருந்தால் பக்கங்கள் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அதைச் சுழியம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டுங்கள். வானிலை ஆய்வு மையம் காலை 8.30 மணிக்கு அளக்கிறது, நீங்களும் அதே நேரத்தில் அளந்து கொட்டிவிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 20 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலமுள்ள வகுப்பறைக் கட்டடத்தின் மேல் 50 மி.மீ. மழை பெய்தால் 6,000 லிட்டர். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பிள்ளைகளோடு மொட்டைமாடிக் குழாயின் வழியைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி இருந்தும் அதில் மணலும் சருகும் அடைத்துக் கிடப்பதுதான் வழக்கமான காட்சி. செப்டம்பரிலேயே அதைத் தூர்வாரச் சொல்லிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள்.

பறவைகளில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால், பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம். ஓரிடத்தில் 15 நிமிடமாவது நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்டு (eBird) இணையதளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். காக்கையும் மைனாவும்கூடக் கணக்குதான்.

வீட்டுக்குக் கொண்டுபோகும்போது

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். மூங்கில் பல்துலக்கி, விலையுயர்ந்த எவர்சில்வர் பாட்டில் என்று வாங்கச் சொல்வது சூழலியல் அல்ல, வியாபாரம். அண்ணன் போட்ட சீருடையைத் தம்பி போடுவதும், பழைய நோட்டின் மிச்சத் தாள்களைத் தைத்துப் புது நோட்டாக்குவதும், சைக்கிளில் பள்ளிக்கு வருவதும் பல வீடுகளில் ஏற்கெனவே நடக்கின்றன. அதை ஏழ்மையின் அடையாளமாகப் பார்க்காமல் வகுப்பில் பாராட்டிப் பேசுங்கள். இரண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட் வாங்கும் அம்மாவிடம் பெரிய பாட்டில் வாங்கச் சொல்லிப் பிள்ளை சண்டை போட வேண்டாம். கையில் உள்ள காசுக்கு அதுதான் கிடைக்கும்.

பள்ளி வாசலில் உள்ள பெட்டிக்கடைக்காரரிடம் பேசுவது பலன் தரும். கடலைமிட்டாய், எள்ளுருண்டை, வேகவைத்த கடலை, கொய்யா ஆகியவற்றைப் பாட்டிலிலும் தட்டிலும் வைத்து விற்கச் சொல்லிப் பாருங்கள். தின்பண்டத்தை விற்கவே வேண்டாம் என்றால் அவர் கேட்க மாட்டார், கேட்கவும் தேவையில்லை.

ஊரோடு பேச வேண்டிய விஷயம் என்றால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடும். பள்ளிச் சுவரை ஒட்டிக் குப்பை கொட்டுகிறார்கள் என்றால், பிள்ளைகள் எடுத்த எண்ணிக்கையோடு பெற்றோர் ஒருவர் அங்கே எழுந்து பேசட்டும். வெறும் முறையீட்டைவிட எண்கள் உள்ள தாளுக்கு மதிப்பு அதிகம்.

ஒரு பதிவேடு

பணிமாறுதல் கலந்தாய்வில் நீங்கள் வேறு ஊருக்குப் போய்விடலாம். அதனால் தொடக்கம் முதலே மன்றத்துக்கென்று ஒரு பதிவேடு வையுங்கள், மாணவர்களே எழுதட்டும். குப்பைக் கணக்கின் தேதியும் எடையும், உரத்தொட்டியில் போட்ட நாளும் புரட்டிய நாளும், ஒவ்வொரு கன்றும் நிற்கும் இடத்தின் வரைபடம், அதைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையின் வகுப்பு, தினசரி மழை அளவு, பழைய தாள் விற்ற காசு, அதில் என்ன வாங்கினோம் என்பது வரை அதில் இருக்க வேண்டும். பட்டுப்போன கன்றுகளையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள், எந்த மாதம், என்ன காரணம் என்று. அடுத்து வரும் ஆசிரியர் அதே இடத்தில் அதே கன்றை மறுபடி நடாமலிருக்க அந்த ஒரு பக்கம் உதவும். பதிவேட்டைப் பூட்டி வைக்காமல், எட்டாம் வகுப்பில் உள்ள ஒரு மாணவியிடமும் ஒரு மாணவனிடமும் பொறுப்பாகக் கொடுத்துவிட்டுப் போங்கள்.